கீழே ஏசி, மேலே ஹீட்டர்... போடி மலைச்சரிவில் கரன்ட் பில்லைக் குறைக்கும் வீடு எப்படி இருக்கணும்?

போடிநாயக்கனூரில் மூணாறு பஸ் ஏறுபவர்கள் முதலில் தேடுவது ஜன்னல் ஓர சீட். காற்று வேணும். அதே ஆட்கள் போடிமெட்டு செக்போஸ்ட் வருவதற்குள் ஜன்னலை இறக்கிவிட்டு, துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொள்வார்கள். நடுவில் இருப்பது 17 கொண்டை ஊசி வளைவுகள் மட்டும்தான்.

ஆனால் வீடுகளைப் பாருங்க. போடி டவுனில் கட்டுகிற அதே பிளான்தான் மலைமேலும் ஏறுகிறது. அதே கான்கிரீட் தளம், அதே செங்கல் சுவர், அதே கண்ணாடி ஜன்னல். விளைவு என்ன? கீழே இருப்பவர் ஏசி போடுகிறார், மேலே இருப்பவர் ஹீட்டர் போடுகிறார். பில் இரண்டு பேருக்கும் வருகிறது.

ஏலக்காய் விலை ஏறும் வருடங்களில் மலையில் புது வீடுகள் முளைப்பதும், ஹோம்ஸ்டே, ரிசார்ட் என்று சரிவுகளை ஜேசிபி வெட்டுவதும் மேற்குத் தொடர்ச்சி மலையில் வழக்கமான காட்சியாகிவிட்டது. இன்னொரு பக்கம் ஒவ்வொரு மழைக்காலமும் நிலச்சரிவுச் செய்திகள். இந்த நிலையில், மலைச்சரிவில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வீடு சாத்தியமா? அதற்கு என்ன செய்யணும்? சட்டம் என்ன சொல்கிறது? விரிவாகப் பார்ப்போம்.

ஒரே தாலுகா, ரெண்டு காலநிலை

போடி டவுன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போடிமெட்டு 1,300 மீட்டருக்கு மேல். குரங்கணிக்கு மேலே இருக்கும் கொழுக்குமலை 2,000 மீட்டரையும் தாண்டும்.

பொதுவான கணக்குப்படி 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அதாவது போடியில் 36 டிகிரி அடிக்கும் மதியத்தில், போடிமெட்டில் 29 டிகிரிதான் இருக்கும். கொழுக்குமலையில் 25-ஐ ஒட்டி இருக்கும். மூடுபனி, காற்று, மழை சேர்ந்தால் இன்னும் குறையும்.

மழையிலும் வித்தியாசம் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையை மலைமுகடு கேரளப் பக்கமே பிடித்து வைத்துக்கொள்கிறது. போடி மழை மறைவுப் பகுதி. கீழே வந்து சேர்வது பெரும்பாலும் காற்றுதான். போடிக்கு நம்பிக்கையான மழை அக்டோபருக்குப் பிறகு, வடகிழக்குப் பருவத்தில்.

ஆக, அடிவாரத்து வீட்டின் வேலை வெயிலைத் தடுப்பது. முகட்டு வீட்டின் வேலை சூட்டைப் பிடித்து வைப்பது, ஈரத்தை வெளியேற்றுவது. இரண்டும் நேரெதிர் வேலைகள். ஒரே பிளான் இரண்டுக்கும் எப்படிப் பொருந்தும்?

வெயில் எந்தப் பக்கம் வருது?

'வடக்கு பார்த்த வீடா, கிழக்கு பார்த்த வீடா' என்ற கேள்வியை வாஸ்துவுக்காகக் கேட்பவர்கள்தான் அதிகம். கரன்ட் பில்லுக்காகவும் கேட்க வேண்டிய கேள்வி அது.

போடி இருப்பது ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சரேகையில். இங்கே சூரியன் வருடத்தில் இரண்டு முறை சரியாகத் தலைக்கு மேல் வரும்: ஏப்ரல் மத்தியில் ஒரு முறை, ஆகஸ்ட் கடைசியில் ஒரு முறை. டிசம்பரில் மதிய வெயில் தெற்கே சாய்ந்து, தரையிலிருந்து சுமார் 57 டிகிரி உயரத்தில் நிற்கும். ஜூனில் வடக்குப் பக்கம் போய்விடும். உயரம் சுமார் 77 டிகிரி.

இதை வைத்தே சன்ஷேட் அளவைச் சொல்லிவிடலாம். தெற்கு ஜன்னலுக்கு மேல் 60 சென்டிமீட்டர் சன்ஷேட் போட்டால், டிசம்பர் மதியத்தில் அதன் நிழல் சுமார் 90 சென்டிமீட்டர் கீழே வரை விழும். அடிவாரத்து வீட்டுக்கு அது தேவை. ஆனால் குளிரும் முகட்டு வீட்டுக்கு அதே சன்ஷேட், வீட்டுக்குள் இலவசமாக வரும் வெயிலை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அங்கே சன்ஷேட் மழைச் சாரலைத் தடுக்கும் அளவுக்கு இருந்தால் போதும்.

போடி பக்கத்துச் சரிவுகள் பெரும்பாலும் கிழக்கு பார்த்தவை. இது ஒரு முக்கியமான விஷயம். காலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும். மாலை வெயிலை முதுகுக்குப் பின்னால் இருக்கும் மலையே மறைத்துவிடும். எவ்வளவு நேரம் மறைக்கும் என்று தெரிந்துகொள்ள கருவி எதுவும் வேண்டாம். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால், அந்த முஷ்டியின் அகலம் சுமார் 10 டிகிரி. மனையில் நின்று மேற்கே பார்க்கும்போது மலைமுகடு மூன்று முஷ்டி உயரத்தில் தெரிந்தால், அங்கே சூரியன் ஏறத்தாழ 2 மணி நேரம் முன்னாடியே மறைந்துவிடும் என்று அர்த்தம்.

குளிர் இடத்தில் அதனால் படுக்கையறையும் சமையலறையும் கிழக்கிலோ தென்கிழக்கிலோ இருப்பது நல்லது. குளியலறை, சாமான் அறை, மாடிப்படி மாதிரி அதிக நேரம் இருக்காத இடங்களை மலைப் பக்கம் தள்ளலாம்.

மண்ணை வெட்டினா கரன்ட் பில் ஏறுமா?

ஏறும். மலையில் கட்டுபவர்கள் தவறவிடும் கணக்கு இதுதான்.

20 டிகிரி சரிவில் ஒரு மனை என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது சுமார் 1,076 சதுர அடிக்கு ஒரே சமதளம் வெட்டினால், வீட்டுக்குப் பின்னால் 3.6 மீட்டர் உயரத்துக்கு மண்சுவர் நிற்கும். ஏறத்தாழ 12 அடி. வெட்டி எடுக்கும் மண் சுமார் 182 கன மீட்டர். நம்ம ஊர் கணக்கில் 64 யூனிட்.

அதே வீட்டை இரண்டு படியாகப் பிரித்தால்? முன்பாதி கீழே, பின்பாதி ஆறடி மேலே. வெட்ட வேண்டிய மண் சரிபாதியாக, 32 யூனிட்டாகக் குறையும். மூன்று படி என்றால் மூன்றில் ஒரு பங்கு. ஒவ்வொரு படிக்கும் பின்னால் நிற்கும் மண்சுவர் 4 அடிதான்.

இதற்கும் மின்சாரத்துக்கும் என்ன சம்பந்தம்? 12 அடி மண்சுவரை ஒட்டி நிற்கும் பின்பக்க அறைகளில் வெளிச்சம் வராது. பகலிலும் லைட் எரியும். காற்று ஊடுருவாது, ஃபேன் ஓடும். மண்ணின் ஈரம் சுவரில் ஏறும். முகட்டுப் பகுதியில் அந்த அறையைச் சூடாக்க ஹீட்டர் தேவைப்படும். 2 கிலோவாட் ஹீட்டர் தினமும் 4 மணி நேரம் ஓடினால் 8 யூனிட் மின்சாரம். 60 நாளைக்கு 480 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்குக் கிடைக்கும் இலவச 100 யூனிட், அந்த ஒரு ஹீட்டருக்கே 13 நாளில் தீர்ந்துபோகும்.

படிப்படியாக ஏறும் வீட்டில் பின் அறையின் ஜன்னல் முன் அறையின் கூரைக்கு மேல் திறக்கும். வெளிச்சம் உள்ளே வரும். கீழ் அறையில் சூடாகும் காற்று படிக்கட்டு வழியாக மேல் அறைக்குத் தானாக ஏறும். முகட்டில் அது இலவச ஹீட்டர். அடிவாரத்தில் அதே காற்றை மேல் ஜன்னல் வழியாக வெளியேற்றினால் இலவச எக்ஸாஸ்ட் ஃபேன்.

வெட்டுவதற்குப் பதிலாகத் தூண்கள் மேல் நிறுத்தலாமா? நிறுத்தலாம். இலங்கையில் தம்புள்ளை அருகே கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்து 1994-ல் திறக்கப்பட்ட கண்டலம ஹோட்டல் இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். பாறைச் சரிவை ஒட்டித் தூண்கள் மேல் நிற்கும் அந்தக் கட்டடம், மலையிலிருந்து வரும் மழைநீரை அடியில் ஓட விடுகிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை. சரிவில் மேல் பக்கத் தூண் குட்டையாகவும் கீழ்ப் பக்கத் தூண் நெட்டையாகவும் இருக்கும். நிலநடுக்கம் வந்தால் அதிக விசையை வாங்கி முதலில் உடைவது குட்டைத் தூண்தான். எனவே கொத்தனார் கண் அளவில் முடிவு செய்யும் வேலை இல்லை இது. கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போட வேண்டும்.

தண்ணிக்கு வழி விட்டாச்சா?

2020 ஆகஸ்ட் 6-ம் தேதி இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் மேல் மலை சரிந்தது. 70 பேர் பலியானார்கள். பெரும்பாலோர் தமிழர்கள். 2024 ஜூலை 30-ம் தேதி அதிகாலை வயநாட்டில் நடந்த நிலச்சரிவில் 250-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இரண்டுமே கொட்டித் தீர்த்த மழைக்குப் பிறகு நடந்தவை.

ஒரு வீடு எவ்வளவு மின்சாரம் மிச்சம் பிடித்தாலும், ஓடை வழியில் நின்றால் எந்தப் பயனும் இல்லை. மலையில் இடம் வாங்குபவர்கள் மனையை வெயில் காலத்தில் பார்க்கிறார்கள். அப்போது ஓடை வெறும் கல் பள்ளமாகத்தான் தெரியும்.

சுமார் 650 சதுர அடி கூரை, அதாவது 60 சதுர மீட்டர். அதன் மேல் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 600 லிட்டர் தண்ணீர். ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் கொட்டினால் 6,000 லிட்டர். இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் சரிவில் வீட்டின் ஆயுளைத் தீர்மானிக்கும்.

தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது பலரும் பழகியது உறிஞ்சு குழிக்கு. சமவெளிக்கு அது சரி. செங்குத்தான சரிவில், மண்ணின் தன்மை தெரியாமல் தடுப்புச் சுவருக்குப் பின்னால் தண்ணீரை இறக்கினால், மண் ஊறி எடை கூடும், சுவரைத் தள்ளும். மலையில் பாதுகாப்பான வழி, கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிப்பது. மிச்சத்தைக் குழாய் வழியாக இயற்கையான ஓடை வரை கொண்டுபோய் விடுவது. மேல் படியில் தொட்டி இருந்தால் கீழ்ப் படிக்குத் தண்ணீர் தானாக இறங்கும். மோட்டார் செலவும் மிச்சம்.

தடுப்புச் சுவர் கட்டினால் அதில் நீர் கசிய துளைகள் இருக்கிறதா, சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூச்சு அழகாக இருக்கணும் என்று அந்தத் துளைகளை சிமெண்ட் வைத்து அடைப்பது பெரிய ஆபத்து.

அடிவாரத்து வீடு: கூரையில்தான் விஷயம்

தலைக்கு மேல் சூரியன் நிற்கும் ஊரில் வெப்பத்தின் பெரும்பங்கு கூரை வழியாகத்தான் இறங்குகிறது.

மத்திய அரசின் எரிசக்தித் திறன் ஆணையம் 2018 டிசம்பரில் குடியிருப்புகளுக்காக 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. அதன்படி, உள்ளேயும் வெளியேயும் 1 டிகிரி வித்தியாசம் இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் கூரை 1.2 வாட்டுக்கு மேல் வெப்பத்தைக் கடத்தக் கூடாது. நாம் சாதாரணமாகப் போடும் வெறும் கான்கிரீட் தளம் 3 வாட்டுக்கும் மேல் கடத்தும்.

தோராயமாக ஒரு கணக்கு. 60 சதுர மீட்டர் தளம் உள்ளறையைவிட 20 டிகிரி சூடாக இருக்கிறது என்றால், வெறும் தளம் வழியாக 3,600 வாட் வெப்பம் உள்ளே இறங்கும். கிட்டத்தட்ட இரண்டு ரூம் ஹீட்டரைப் பகல் முழுக்க ஓடவிட்ட மாதிரி. விதித்தொகுப்பு சொல்லும் கூரை என்றால் 1,440 வாட்தான். ஏசி அந்த மிச்ச வெப்பத்தோடுதான் மல்லுக்கட்டுகிறது.

குறைக்க வழிகள் புதுசு இல்லை. தளத்தின் மேல் சுண்ணாம்புச் சுருக்கி போட்டுத் தட்டோடு பதிப்பது தமிழ்நாட்டில் பழைய பழக்கம். வெள்ளை அடித்தால் வெயில் திரும்பிப் போகும். சாய்வான ஓட்டுக் கூரைக்குக் கீழே மரப் பலகையில் உள்கூரை அடித்து, நடுவில் காற்று போக இடம் விட்டால் சூடு அங்கேயே கழியும். இரவில் மலையிலிருந்து குளிர்ந்த காற்று கீழே இறங்கும்; மேற்குப் பக்கம் மேலே ஒரு ஜன்னல், கிழக்குப் பக்கம் இன்னொன்று வைத்தால் இரவுக் காற்றே வீட்டைக் குளிர வைக்கும்.

முகட்டு வீடு: ஏலக்காய் ஸ்டோர் சொல்லும் பாடம்

மேலே கதை வேற. அங்கே பிரச்சினை குளிர் மட்டும் இல்லை, ஈரமும்தான். துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது, சுவரில் பூஞ்சை பிடிக்கும். ஈரமான சுவர் காய்ந்த சுவரைவிட வேகமாகச் சூட்டை வெளியே விடும்.

இதற்கான தீர்வைத் தேடி வெளிநாட்டுப் புத்தகங்களைப் புரட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு ஏலத்தோட்டத்திலும் ஒரு ஸ்டோர் இருக்கிறது. பறித்த பச்சைக் காயை அங்கே ஏறத்தாழ 45 முதல் 50 டிகிரி வெப்பத்தில், ஒரு நாளை ஒட்டிய நேரம் வைத்து உலர்த்துகிறார்கள். அந்த அறையின் சூத்திரம் இரண்டே வரிதான். சூடு வெளியே போகக் கூடாது. ஈரக் காற்று உள்ளே தங்கக் கூடாது. கதவு இறுக்கமாகச் சாத்தும், இடுக்குகள் அடைபட்டிருக்கும், ஈரம் போக மேலே வழி இருக்கும். ஈரம் போகாவிட்டால் காயின் நிறம் கெடும், நிறம் கெட்டால் போடி ஏலத்தில் விலை விழும். அதனால் யாரும் இதில் அசட்டையாக இருப்பதில்லை.

காய்க்குக் கொடுக்கும் அந்தக் கவனத்தை மனிதர்கள் தூங்கும் அறைக்கும் கொடுத்தால் போதும். ஜன்னல் சட்டத்தில் இடுக்கு இல்லாமல் அடைப்பது, கதவுக்குக் கீழே காற்று வராமல் தடுப்பது, சமையலறையிலும் குளியலறையிலும் நீராவியை அங்கேயே வெளியேற்றுவது. செலவு குறைவு, பலன் அதிகம்.

ஜன்னல் அளவிலும் இந்த வித்தியாசம் உண்டு. ஈகோ நிவாஸ் சம்ஹிதா, வெப்பமும் ஈரப்பதமும் உள்ள பகுதிகளில் திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு தரைப் பரப்பில் குறைந்தது ஆறில் ஒரு பங்கு வேண்டும் என்கிறது. குளிர் பகுதிகளில் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும். 600 சதுர அடி வீட்டுக்குக் கீழே 100 சதுர அடி, மேலே 50. 'வியூ' வேணும் என்று முகட்டில் தரை முதல் கூரை வரை ஒற்றைக் கண்ணாடி வைப்பவர்கள், பகலில் படம் பார்க்கலாம்; இரவில் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் சூடு கிளம்பிப் போகும்.

லாரி பேக்கர் என்ன செய்தார்?

சரிவில் சிக்கனமாகக் கட்டுவது பற்றிப் பேசினால் தவிர்க்க முடியாத பெயர் லாரி பேக்கர். இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1917-ல் பிறந்து இந்தியாவிலேயே தங்கிவிட்ட கட்டடக் கலைஞர். இமயமலை அடிவாரத்தில் பித்தோராகரில் ஏறத்தாழ 16 ஆண்டுகள் வாழ்ந்தார். 1963-ல் போடிக்கு மேற்கே அதே மலைத்தொடரில் இருக்கும் வாகமனுக்கு வந்தார். பிறகு திருவனந்தபுரம். 1990-ல் பத்மஸ்ரீ பெற்ற அவர் 2007-ல் காலமானார்.

திருவனந்தபுரம் உள்ளூரில் 1970-களின் தொடக்கத்தில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம் ஒரு குன்றின் சரிவில் இருக்கிறது. குன்றைச் சமப்படுத்தாமல், மரங்களை வெட்டாமல், சரிவின் வளைவிலேயே கட்டடங்களை வளைத்தார். செங்கல்களுக்கு இடையே துளை விட்ட ஜாலி சுவர்கள் வழியாகக் காற்றும் வெளிச்சமும் வந்தன. நாலாஞ்சிறையில் அவர் தனக்காகக் கட்டிய வீடும் பாறைச் சரிவில் படிப்படியாக ஏறுவதுதான்.

அவர் பரவலாக்கிய 'எலிப்பொறிக் கட்டு' முறையில் செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விடுவார்கள். செங்கல் சுமார் 25 சதவீதம் மிச்சமாகும். நடுவில் அடைபட்ட காற்று வெப்பத்தைத் தடுக்கும். 17 வளைவு ஏறி வரும் ஒவ்வொரு செங்கல்லுக்கும் லாரி வாடகை உண்டு என்பதால், மலையில் இந்த மிச்சம் இரட்டிப்பு லாபம்.

ஆனா, பேக்கர் செய்தார் என்பதற்காக அப்படியே காப்பி அடித்தால் சிக்கல். திருவனந்தபுரத்தின் புழுக்கத்துக்கு ஜாலி சுவர் சரி. போடி டவுனுக்கும் சரி. போடிமெட்டு மூடுபனியில் ஜாலி சுவர் வைத்தால் மேகமே வீட்டுக்குள் வந்து உட்காரும். இடத்தைப் பார்த்துக் கட்டு என்பதுதான் பேக்கரின் வேலையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

சோலார் வெச்சா போதாதா?

மத்திய அரசின் 'பிஎம் சூர்ய கர்' திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. வீட்டுக் கூரை சோலாருக்கு 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட் மற்றும் அதற்கு மேல் அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம்.

தமிழ்நாட்டு வெயிலில் 1 கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் அளவுக்குத் தரும். ஆனால் கிழக்குச் சரிவில் மாலை 2 மணி நேரம் மலை நிழல் விழும் இடத்தில், மூடுபனி மூடும் மாதங்களில் அந்தக் கணக்கு குறையும். எனவே வீட்டின் தேவையை முதலில் குறைத்துவிட்டு, மிச்சத்துக்கு சோலார் வைப்பதுதான் லாபம். ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிப்பவர்கள் முதலில் ஓட்டையைத்தான் அடைக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்லுது?

இங்கேதான் பெரிய இடைவெளி இருக்கிறது.

தமிழ்நாட்டு மலைக் கிராமங்களில் கட்டுமானத்தை ஒழுங்குபடுத்த 1990-ல் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் அமைக்கப்பட்டது. 'ஹாகா' என்றால் எல்லோருக்கும் தெரியும். அதன் பட்டியலில் வரும் கிராமங்களில் கட்ட வனம், புவியியல் மற்றும் சுரங்கம், வேளாண் பொறியியல் போன்ற துறைகளின் தடையின்மைச் சான்று தேவைப்படும். மலைப்பகுதி குடியிருப்புகளுக்கு இடம் தேர்வு, வடிவமைப்பு, பொருள்கள் குறித்து இந்திய தர நிர்ணய அமைவனமும் 2000-ம் ஆண்டிலேயே ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. முகட்டைத் தாண்டி கேரளப் பக்கம் போனால் நிலத்தின் உரிமையே முதல் கேள்வி: ஏலமலைக் காட்டு நிலங்களில் புதிய பட்டா வழங்க 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

இவை எல்லாம் எங்கே கட்டலாம் என்பதைப் பற்றியவை. கட்டும் வீடு எவ்வளவு மின்சாரம் தின்னும் என்பதை யார் பார்க்கிறார்கள்?

2018 விதித்தொகுப்பு 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளுக்கு எழுதப்பட்டது. நம்ம கணக்கில் சுமார் 12 சென்ட். 2022-ல் திருத்தப்பட்ட எரிசக்திச் சேமிப்புச் சட்டம் குடியிருப்புகளையும் உள்ளே கொண்டுவந்தது. ஆனால் 100 கிலோவாட் மற்றும் அதற்கு மேல் மின் இணைப்பு உள்ள கட்டடங்களுக்கு. மலையில் 3 சென்ட், 5 சென்ட்டில் கட்டும் குடும்பம் இந்த இரண்டு வலையிலும் சிக்காது. சிக்காது என்றால் விதி அவர்களைத் தொல்லை செய்யாது என்பது மட்டும் அர்த்தமில்லை. அவர்களுக்காக யாரும் கணக்குப் போட்டுத் தரவும் மாட்டார்கள்.

இந்த வீடு யாருக்கு?

இணையத்தில் 'மலைச்சரிவு வீடு' என்று தேடினால் வருவது நீச்சல் குளமும் கண்ணாடிச் சுவருமாக இருக்கும் படங்கள். ஆனால் இந்த மலைகளில் அதிகமானோர் வாழ்வது லயங்களிலும் தகரக் கூரை வீடுகளிலும். போடி, கம்பம், தேவாரம் பகுதிகளிலிருந்து தினமும் விடிவதற்கு முன் ஜீப்பில் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள், இரவு திரும்பி வருவது பகலெல்லாம் வெயிலில் காய்ந்த தளத்துக்குக் கீழே.

தோட்டத் தொழிலாளர்களுக்கு நிர்வாகம் வீடு தர வேண்டும் என்பதை 1951-ம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. வீடு தந்தால் போதுமா, அது எந்தச் சரிவில், எந்த ஓடைக்குக் கீழே, எப்படிப்பட்ட கூரையோடு என்பதையும் பார்க்க வேண்டுமா? பெட்டிமுடிக்குப் பிறகு இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. தகரத்துக்குக் கீழே ஒரு உள்கூரை, லயத்துக்குப் பின்னால் ஒழுங்கான வடிகால், இறுக்கமாகச் சாத்தும் ஜன்னல்... இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு ரிசார்ட்டின் கண்ணாடிச் சுவருக்கு ஆவதைவிடக் குறைவு.

கட்டும் முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. மனை ஹாகா கிராமத்தில் வருகிறதா? நிலத்தின் வகைப்பாடு என்ன?
2. மழைக்காலத்தில் மனையை நேரில் பார்த்தாச்சா? மேலே இருக்கும் ஓடை எந்தப் பக்கம் திரும்புகிறது?
3. மேற்கே மலைமுகடு எத்தனை முஷ்டி உயரம்? மாலை வெயில் எத்தனை மணிக்கு மறைகிறது?
4. எத்தனை யூனிட் மண் வெட்டப் போகிறோம்? வீட்டைப் படியாகப் பிரித்து அதைப் பாதியாக்க முடியுமா?
5. கூரைக்குக் கீழே அல்லது மேலே வெப்பத்தைத் தடுக்க என்ன இருக்கிறது?
6. கூரைத் தண்ணீர், குளியலறைத் தண்ணீர், செப்டிக் டேங்க் கசிவு மூன்றும் கடைசியில் எங்கே போய்ச் சேர்கின்றன?

ஆறாவது கேள்விக்குப் பதில் 'கீழ் மனைக்கு' என்று வந்தால், அங்கே ஒரு வீடு இருக்கிறதா என்று எட்டிப் பாருங்க. சரிவில் ஒருவர் வெட்டும் மண்ணும் ஒருவர் விடும் தண்ணீரும் அடுத்தவர் கூரைக்கு மேல்தான் வந்து நிற்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வீட்டுக்கான முதல் செலவு பேனலோ ஏசியோ இல்லை. ஜேசிபியை வரச் சொல்வதற்கு முன், ஒரு மழை நாளில் மனையில் போய் நின்று பார்க்கும் அந்த அரை நாள்தான்.